கலிவரைப் படைத்தவர் பிரசங்க மேடையில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜோனதன் ஸ்விஃப்ட் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, ஆறங்குல உயர மனிதர்கள் கயிறு போட்டுக் கட்டிய கலிவர்தான். கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்களுக்கு, குழந்தைகளைச் சமைத்துத் தின்னலாம் என்று யோசனை சொன்ன அந்தப் பயங்கரமான கட்டுரையும் தெரிந்திருக்கும். இதே மனிதர் 32 ஆண்டுகள் டப்ளினில் ஒரு பேராலயத்தின் டீனாக, அதாவது தலைமைக் குருவாக இருந்தார், முறை வரும்போதெல்லாம் மேடையேறிப் பிரசங்கம் செய்தார் என்றால் பலர் நம்புவதில்லை. நம்பியவுடன் வரும் கேள்விகளுக்குத்தான் இந்தப் பக்கம்.

அவர் நிஜமாகவே குருவானவரா, பேருக்கு ஒரு பதவியா?

நிஜமாகவே குருவானவர். 1667இல் டப்ளினில் பிறந்து, அங்கேயே டிரினிட்டி கல்லூரியில் படித்தார். 1695 ஜனவரியில் அயர்லாந்து திருச்சபையில் குருப்பட்டம் பெற்றார். இங்கிலாந்து திருச்சபையின் அயர்லாந்துக் கிளை என்று அதைப் புரிந்துகொள்ளலாம். முதலில் கிடைத்தது பெல்ஃபாஸ்ட் பக்கம் கில்ரூட். ஊர் முழுக்க பிரஸ்பிட்டேரியன்கள் (பிஷப்புகளை ஏற்காத இன்னொரு புரொட்டஸ்டன்ட் பிரிவினர்), இவருடைய சபைக்கு ஆளே இல்லை. 1700இல் லாரகோர் என்ற கிராமம். அங்கேயும் விரல்விட்டு எண்ணக்கூடிய கூட்டம்தான். 1713இல் செயின்ட் பேட்ரிக் பேராலயத்தின் டீன் ஆனார். 1745இல் இறக்கும்வரை அந்தப் பதவியில்தான் இருந்தார்.

அவர் விரும்பியது இங்கிலாந்தில் ஓர் உயர்ந்த பதவி. அது கிடைக்கவில்லை. டப்ளினுக்குப் போனதை நாடு கடத்தப்பட்டதாகவே நினைத்தார். ஆனால் போன பிறகு வேலையில் குறை வைக்கவில்லை. வாராந்திர நற்கருணை ஆராதனையை அந்தப் பேராலயத்தில் மறுபடி கொண்டுவந்தார். அப்பத்தையும் திராட்சரசத்தையும் தன் கையாலேயே கொடுத்தார். மாலை ஆராதனையில் பாடகர் குழு ஏனோதானோ என்று பாடிவிடக்கூடாது என்று தானே போய் உட்கார்ந்தார். இதையெல்லாம் எழுதிவைத்தவர் ஆங்கில விமர்சகர் சாமுவேல் ஜான்சன். அவர் ஸ்விஃப்டுக்குப் பெரிய ரசிகர் இல்லை என்பதால் இந்தச் சாட்சிக்கு மதிப்பு அதிகம்.

எத்தனை பிரசங்கங்கள் கிடைத்திருக்கின்றன?

11. இன்னொன்றும் அவர் பேரில் அச்சாகியிருக்கிறது. தன்னைத்தானே அறிவது எவ்வளவு கடினம் என்பதைப் பற்றிய அது அவருடையதுதானா என்பதில் சந்தேகம் உண்டு.

ஐம்பது ஆண்டு ஊழியத்தில் 11 என்பது மிகக் குறைவு. காரணம், அவர் அவற்றைப் பொருட்படுத்தவே இல்லை. பழைய பிரசங்கக் கட்டு ஒன்றைத் தன் நண்பரான குருவானவர் ஷெரிடனிடம் தூக்கிக் கொடுத்து, ‘எனக்கு இவற்றால் ஒரு பயனும் இருந்ததில்லை, உங்களுக்காவது உதவட்டும்’ என்ற பொருள்படச் சொன்னாராம். 1744இல்தான் மூன்று பிரசங்கங்கள் புத்தகமாக வந்தன. அதற்குள் அவர் மனம் தளர்ந்து, தன் காரியங்களைத் தானே பார்க்க முடியாத நிலைக்கு வந்துவிட்டார். மற்றவை எல்லாம் அவர் இறந்த பிறகு வெளிவந்தவை.

அப்படியானால் பிரசங்கங்களிலும் கிண்டல் நிறைய இருக்குமே?

இந்த எதிர்பார்ப்போடு வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். இந்த விஷயத்தில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவதும் அதுதான். ஸ்விஃப்ட் தன் அங்கதத்தை மேடைக்குக் கொண்டுபோகவில்லை. மேடையின் எளிமையையும் நேரடித்தன்மையையும்தான் அங்கதத்துக்குக் கொண்டுவந்தார். பிரசங்கங்களைப் படிக்காமல் அவருடைய அங்கதத்தைப் படிக்கிறவர்கள் பாதி மனிதரைத்தான் சந்திக்கிறார்கள்.

விதிவிலக்காக ஒன்று உண்டு. ஆலயத்தில் தூங்குவதைப் பற்றிய பிரசங்கம். பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகளில் பவுல் நெடுநேரம் பேசிக்கொண்டே போக, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்து செத்துப்போகிறான். பவுல் அவனை உயிரோடு எழுப்புகிறார். அந்த வசனத்தை எடுத்துக்கொண்டு ஸ்விஃப்ட் தொடங்குகிறார்: இந்த ஆலயம் இந்த நேரத்தில் அரைமணி நேரத் தூக்கத்துக்குப் பேர் போனது, உங்களில் சிலருடைய தூக்கத்தையாவது கெடுக்கத்தான் இந்த வசனத்தைத் தேர்ந்தெடுத்தேன். அப்புறம் சொல்கிறார், இன்றைய பிரசங்கிகள் ஆட்களைத் தூங்கவைப்பதில் பவுலை மிஞ்சிவிட்டார்கள், அற்புதம் செய்வதில்தான் அவருக்கு மிகவும் பின்தங்கிவிட்டார்கள். அதனால் ஜனங்களும் உஷாராகி, விழுந்தாலும் அடிபடாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து தூங்குகிறார்கள்.

பேச்சாளரின் குரல்தான் தாலாட்டு என்பதற்கு அவர் காட்டும் சாட்சியும் அழகானது. பிரசங்கம் நின்ற அந்த நொடியே எல்லோரும் ஒழுங்காகக் கண் விழித்துவிடுகிறார்களே! சிரிப்பு இவ்வளவுதான். இதற்குப் பிறகு, கேட்கிறவர்களின் அலட்சியத்தைப் பற்றி முகத்துக்கு நேராகக் கண்டித்துப் பேசுகிறார்.

பிரசங்கம் எப்படி இருக்க வேண்டும் என்று அவரே ஏதாவது எழுதியிருக்கிறாரா?

எழுதியிருக்கிறார். புதிதாகக் குருப்பட்டம் பெற்ற ஓர் இளைஞருக்கு எழுதிய கடிதம் என்ற வடிவில், 1720இல். மேடையில் பேசுகிற யாரும், எந்த மதத்தவராக இருந்தாலும், எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், ஒரு தடவை படிக்க வேண்டியது.

முதலில், சொற்கள். கல்லூரியில் கற்ற பெரிய பெரிய இறையியல் சொற்களைக் கிராமத்துச் சபையில் கொட்டாதே என்கிறார். அதற்கு ஃபாக்லண்ட் பிரபுவை உதாரணம் காட்டுகிறார். ஒரு சொல் எல்லோருக்கும் புரியுமா என்று சந்தேகம் வந்தால் அவர் தன் மனைவியின் வேலைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்பாராம். அவளுக்குப் புரிந்தால் வைத்துக்கொள்வார். ஸ்விஃப்ட் இதைத் தானும் செய்தார். தன் எழுத்தின் அச்சுப்படியை இரண்டு வேலைக்காரர்கள் முன்னால் வாசிக்கச் சொல்லி, அவர்களுக்குப் புரியாத இடத்தைத் திருத்தினார் என்று அவருடைய டப்ளின் பதிப்பாளர் ஃபாக்னர் சொல்லியிருக்கிறார். சரியான சொற்களைச் சரியான இடத்தில் வைப்பதுதான் நடை என்ற அவருடைய புகழ்பெற்ற வரையறை இந்தக் கடிதத்தில்தான் வருகிறது. அது இலக்கியவாதிகளுக்குச் சொன்னதல்ல, ஓர் இளம் குருவானவருக்குச் சொன்னது.

இரண்டாவது, உணர்ச்சி. சபையை அழவைக்க முயலாதே. பழங்காலக் கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனீஸையும் ரோமானியப் பேச்சாளர் சிசரோவையும் ஒப்பிட்டு, ஒருவர் அறிவோடு பேசினார், மற்றவர் உணர்ச்சியைத் தூண்டுவதில் தேர்ந்தவர் என்று காட்டி, அறிவின் பக்கமே போகச் சொல்கிறார். தெளிவான ஒரு நியாயம், கேட்டவன் படித்தவனானாலும் படிக்காதவனானாலும், சாகும்வரை அவன் மனதில் வேலை செய்யும். கைக்குட்டைகளை நனைப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். பிரசங்கியின் வேலை இரண்டே: உங்கள் கடமை இன்னது என்று சொல்வது, அது கடமைதான் என்று நம்பவைப்பது.

மூன்றாவதுதான் எல்லோரையும் ஆச்சரியப்படுத்துவது. மேடையில் சாமர்த்தியமாகச் சிரிக்கவைக்கப் பார்க்காதே என்று மிகக் கடுமையாக எச்சரிக்கிறார். உன்னிடம் அந்தத் திறமை இல்லாமல் இருப்பதற்கே பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் வாய்ப்பு அதிகம் என்கிறார். அந்தத் திறமை யாருக்கு இருந்ததோ அவரே சொல்கிறார், சொன்னபடியே நடக்கவும் செய்தார்.

தாளில் முகம் புதைத்து வாசிக்கிறவர்களையும் விடவில்லை. பெரிய எழுத்தில் தெளிவாக எழுதிக்கொள், அவ்வப்போது நிமிர்ந்து சபையைப் பார் என்று அறிவுரை.

உணர்ச்சிப் பேச்சின் மேல் ஏன் இவ்வளவு கோபம்?

அவருடைய தாத்தா தாமஸ் ஸ்விஃப்ட் இங்கிலாந்தில் குட்ரிச் என்ற ஊரின் குருவானவர். அரசர் முதலாம் சார்லஸுக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் அரசர் பக்கம் நின்றார் என்பதற்காகப் பாராளுமன்றப் படை அவர் வீட்டைக் கொள்ளையடித்தது. கடவுள் என் மூலமாகப் பேசுகிறார் என்று கத்துகிற பிரசங்கியிலிருந்து அந்த அரசரின் தலையை வெட்டிய கோடாரி வரைக்கும் ஒரே நேர்க்கோடு என்பது ஸ்விஃப்டின் எண்ணம்.

1704இல் வெளிவந்த ‘தொட்டிக் கதை’யில் இந்தக் கோபம் உச்சத்துக்குப் போகிறது. அதில் காற்றையே கடவுளாக வணங்கும் ஒரு கூட்டம் வருகிறது. அவர்கள் ஏப்பம் விடுவதுதான் ஞானம். மூக்கால் முனகி, இழுத்து, ராகம் போட்டுப் பேசும் பிரசங்க பாணியை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துக் காட்டும் தனிக் கட்டுரை ஒன்றும் அதே புத்தகத்தில் இருக்கிறது.

அந்தப் புத்தகம் மதத்தையே கேலி செய்கிறது என்கிறார்களே?

அன்றைக்கும் அப்படித்தான் சொன்னார்கள். கதை இது: ஒரு தகப்பன் மூன்று மகன்களுக்கு ஆளுக்கொரு அங்கி கொடுத்து, இதை மாற்றக்கூடாது என்று உயில் எழுதிவிட்டுச் சாகிறான். பீட்டர் ரோமன் கத்தோலிக்கம், மார்ட்டின் லூத்தரின் வழிவந்த திருச்சபை (ஸ்விஃப்டின் சபையும் இதில் சேர்ந்ததுதான்), ஜாக் கால்வினின் வழிவந்த பிரிவுகள். பீட்டர் நாகரிகத்துக்கு ஏற்ப அங்கியில் சரிகை, நூல், எல்லாம் சேர்க்கிறான். ஜாக் வெறியோடு பிய்த்து எறிந்து துணியையே கிழித்துக்கொள்கிறான். மார்ட்டின் மட்டும் துணி கெடாமல் நிதானமாகப் பிரிக்கிறான்.

தன் திருச்சபையைக் காப்பதற்காகவே எழுதினேன் என்று 1710 பதிப்பின் முன்னுரையில் ஸ்விஃப்ட் வாதாடினார். நான் அதை நம்புகிறேன். ஆனால் புத்தகத்தின் கிண்டல் அவர் கைப்பிடியையும் மீறி ஓடுகிறது என்பதும் உண்மை. மதத்தின் வெளிவேஷங்களை இவ்வளவு குரூரமாகக் கிழித்துக் காட்டியபின், வாசகன் உள்ளே இருப்பதையும் சந்தேகிப்பான் அல்லவா? ஆன் மகாராணி இதைப் படித்து முகம் சுளித்ததால்தான் ஸ்விஃப்டுக்கு இங்கிலாந்தில் பதவி கிடைக்காமல் போனது என்று அந்தக் காலத்திலேயே பேசிக்கொண்டார்கள்.

மேடையில் அரசியல் பேசினாரா?

பேசினார். அரசியல் சண்டைகளில் இறங்கிய நாள் முதல் தன்னால் துண்டுப் பிரசுரங்களைத்தான் பிரசங்கிக்க முடிகிறது என்று அவரே குறைப்பட்டுக்கொண்டாராம்.

1722இல் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் வுட் என்ற இரும்பு வியாபாரிக்கு, அயர்லாந்துக்கான செப்புக் காசுகளை அடித்து விட உரிமை கொடுத்தார்கள். அயர்லாந்து பாராளுமன்றத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மதிப்பில்லாத காசு நாட்டில் குவிந்து, நல்ல பொன்னும் வெள்ளியும் வெளியே போய்விடும் என்று எல்லோரும் பயந்தார்கள். 1724இல் ஸ்விஃப்ட் ஒரு சாதாரணத் துணி வியாபாரி எழுதுவதுபோல் கடிதங்கள் எழுதி வெளியிட்டார். அதே விவகாரம் சூடாக இருந்தபோது பேராலயத்தில் நன்மை செய்வதைப் பற்றி ஒரு பிரசங்கமும் செய்தார். அயலானை நேசி என்ற கட்டளையிலிருந்து தொடங்கி, தாய்நாட்டை நேசிப்பதும் அதே கட்டளையின் பகுதி என்று படிப்படியாக ஏறுகிறார். நாட்டுக்குச் செய்யும் துரோகம், தனி ஒருவனுக்குச் செய்யும் துரோகத்தைவிடப் பெரிய பாவம் என்கிறார்.

இதெல்லாம் மேடையில் பேசும் விஷயமா என்று கேட்பார்கள் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. அதற்குப் பதிலும் அங்கேயே சொல்கிறார்: ஒரு ஆள் பணக்காரனாவதற்காக ஒரு நாட்டையே ஏழை விடுதியாக்கப் பார்க்கும்போது, ஓநாய் மந்தைக்குள் நுழைகிறது என்று கத்துவது மேய்ப்பனின் வேலை. இந்தப் பத்தியை உரக்க வாசித்துப் பாருங்கள். ஒரே மூச்சில் நீளும் வாக்கியம், ஒவ்வொரு துண்டும் ஒரு அடி. அங்கதம் துளியும் இல்லை, ஆனால் கலிவரை எழுதிய அதே கைதான்.

துணி வியாபாரியின் கடிதங்களில் பிரசங்கத்தின் சாயல் தெரிகிறதா?

முதல் வரியிலேயே தெரிகிறது. சகோதரரே, நண்பர்களே என்று கூப்பிட்டு, கடவுளுக்குச் செய்யும் கடமைக்கும் ஆத்தும ரட்சிப்புக்கும் அடுத்தபடியாக உங்களுக்கு முக்கியமானதைச் சொல்லப்போகிறேன் என்று ஆரம்பிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகிற கடைக்காரனுக்குப் பழகிய குரல் அது.

மூன்றாவது கடிதத்தில் தாவீதும் கோலியாத்தும் வருகிறார்கள். சவுலின் கவசத்தைப் போட்டுக்கொண்டு நடக்க முடியாத தாவீதைப் போல நானும் ஒரு கவணையும் கல்லையும் மட்டுமே எடுத்துக்கொண்டேன் என்கிறார். வேதத்தில் கோலியாத்தின் தலைச்சீரா வெண்கலம், மார்க்கவசம் வெண்கலம், காலில் இருந்ததும் வெண்கலம். மலிவான உலோகத்தை நாடு முழுக்கக் கொட்ட வந்த வுட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பானா! வேதம் தெரிந்த ஜனங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஜனங்களும் அதே மொழியில் பதில் சொன்னார்கள். நான்காவது கடிதத்தை எழுதியவரைக் காட்டிக்கொடுத்தால் 300 பவுன் தருவதாக அரசு அறிவித்தது. எழுதியவர் யார் என்று டப்ளின் முழுக்கத் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பதிலாக பைபிளில் உள்ள சாமுவேலின் முதல் புத்தகத்திலிருந்து ஒரு வசனம் ஊரெல்லாம் கைமாறியது: இஸ்ரவேலிலே இந்தப் பெரிய ரட்சிப்பைச் செய்த யோனத்தான் கொலைசெய்யப்படலாமா? ஜோனதன் என்பதுதானே அந்தப் பெயர். 1725இல் வுட்டின் உரிமை திரும்பப் பெறப்பட்டது.

ஏழ்மையைப் பற்றி அவர் பிரசங்கித்ததற்கும் குழந்தைகளைத் தின்னும் யோசனைக்கும் தொடர்பு உண்டா?

நெருங்கிய தொடர்பு. அயர்லாந்தின் அவல நிலைக்குக் காரணங்கள் என்ற பிரசங்கத்தில் ஒவ்வொன்றாக அடுக்குகிறார்: இங்கிலாந்து போட்ட வியாபாரத் தடைகள், பிறந்த மண்ணில் வாழப் பிடிக்காமல் வாடகைப் பணத்தை லண்டனில் செலவழிக்கும் பிரபுக்கள், அயல்நாட்டுத் துணிமேல் மோகம், சோம்பல். நிலக்காரர்களைப் பற்றிப் பேசும்போது குரல் உயர்கிறது. இது எகிப்தின் அடிமைத்தனம், வைக்கோல் கொடுக்காமல் செங்கல் கேட்கிறார்கள், தங்கள் குடியானவன் கிழியாத சட்டை போட்டால் அவர்களுக்கு வயிறு எரிகிறது என்கிறார். பரிகாரமாக, ஊர்தோறும் ஏழைப் பிள்ளைகளுக்குத் தர்மப் பள்ளிக்கூடங்கள் வேண்டும் என்று கேட்கிறார்.

பேராலயத்தைச் சுற்றி இருந்தது நெசவாளர் குடியிருப்பு. வேலையில்லாமல் பட்டினி கிடந்தவர்களை அவர் தினமும் பார்த்தார். சில நூறு பவுன்களை ஒதுக்கி, ஏழைத் தொழிலாளிகளுக்குச் சிறுசிறு தொகையாக வட்டியில்லாமல் கடன் கொடுத்தார்.

1729இல் வந்த ‘எளிய யோசனை’யில், ஒரு வயதுக் குழந்தைகளை இறைச்சிக்கு விற்கலாம் என்று நிதானமாகக் கணக்குப் போடும் ஒருவன் பேசுகிறான். முடிவை நெருங்கும்போது அவன், வேறு வழிகளைப் பற்றி யாரும் என்னிடம் பேசவேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்த வழிகளை வரிசையாகச் சொல்கிறான்: வெளியூரில் வாழும் நிலக்காரர்களுக்கு வரி, உள்ளூர்த் துணியையே உடுத்துவது, நாட்டை நேசிப்பது, குடியானவர்கள்மேல் இரக்கம். மேடையில் நின்று அவர் கெஞ்சியவையேதான் அந்தப் பட்டியலில் பல. கேட்க ஆளில்லாத பிரசங்கியின் வலி அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதனால்தான் அந்தக் கட்டுரை இன்றும் சுடுகிறது.

ஏழைகளைத் திருப்தியாக இருக்கச் சொன்னாராமே?

சொன்னார். ஏழையின் மனநிறைவு என்ற பிரசங்கத்தில், உழைக்கிறவனுக்குப் பசியும் தூக்கமும் ஆரோக்கியமும் இருக்கிறது, பணக்காரனுக்கு நோயும் கவலையும்தான் என்கிறார். பட்டினி கிடக்கும் நெசவாளர்களுக்கு முன்னால் இதைச் சொன்னார் என்று நினைக்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அந்தக் காலத்துத் திருச்சபையின் வழக்கமான போதனைதான், ஆனாலும் வழக்கத்தை உடைக்கத் தெரிந்தவர் இங்கே உடைக்கவில்லை. பிச்சைக்காரர்கள் எந்த ஆலய வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள் என்று காட்ட அடையாள வில்லை அணிய வேண்டும் என்றும் அவர் வாதாடினார்.

மற்ற சபையினரிடம் எப்படி?

சகிப்புத்தன்மை இல்லை. பிரஸ்பிட்டேரியன்களுக்கு அரசுப் பதவி கிடைக்காமல் தடுத்த சட்டத்தைக் கடைசிவரை ஆதரித்தார். சகோதர அன்பைப் பற்றிப் பேசும் பிரசங்கத்தில்கூட கத்தோலிக்கர்களையும் அவர்களையும் சாடுகிறார். ஒருவரை ஒருவர் வெறுக்கப் போதுமான மதம் நம்மிடம் இருக்கிறது, நேசிக்கப் போதுமானது இல்லை என்று எழுதியவரும் அவரேதான்.

உண்மையில் அவருக்குக் கடவுள் நம்பிக்கை இருந்ததா?

இருந்தது என்றுதான் நினைக்கிறேன். சந்தேகங்களும் இருந்தன. அவர் இறந்தபின் வெளிவந்த குறிப்புகளில், என் மனதில் எழும் சந்தேகங்களுக்கு நான் கடவுளிடம் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை, ஏனென்றால் அவர் தந்த அறிவிலிருந்துதான் அவை எழுகின்றன என்கிறார். ஆனால் அவற்றை மற்றவர்களிடம் காட்டாமல் அடக்க முயலவேண்டும், வாழ்க்கையைக் கெடுக்க விடக்கூடாது. குருவானவர் என்பவர் தனக்கு ஒப்படைக்கப்பட்ட காவல் இடத்தைக் காப்பவர் என்றும் எழுதியிருக்கிறார்.

திரித்துவத்தை, அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற கொள்கையைப் பற்றிய பிரசங்கமும் இதே மனநிலையில்தான் இருக்கிறது. அந்த மறைபொருளை விளக்க அவர் முயலவே இல்லை. அறிவு என்பது உண்மையானது, நியாயமானது, ஆனால் தனி மனிதன் ஒவ்வொருவனுடைய அறிவும் பலவீனமானது, சுயநலமும் ஆசையும் அதை இழுத்த பக்கம் சாய்க்கும் என்கிறார். கலிவரின் நான்காம் பாகத்தில், அறிவையே வழியாகக் கொண்ட குதிரைகளைப் பார்த்துக் கலிவர் மனம் பேதலிப்பதை இந்த வரியோடு சேர்த்துப் படித்தால் நிறைய விளங்கும்.

வெளிவேஷத்தின் மேல் இருந்த பயத்தில், தன் பக்தியை அவர் மறைத்தார். லண்டனில் யாரும் பார்க்காத அதிகாலை ஆராதனைக்குப் போவார். வீட்டில் வேலைக்காரர்களோடு தினமும் ஜெபம் செய்வார். அந்த வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்த நண்பர் டெலானிக்கே அது தெரியாமல் இருந்ததாம்.

‘அன்பான ரோஜர்’ கதை உண்மையா?

லாரகோரில் வாரநாள் ஆராதனைக்கு உதவியாளர் ரோஜரைத் தவிர யாரும் வராததால், ‘பிரியமானவர்களே’ என்று தொடங்க வேண்டிய இடத்தில் ‘பிரியமான ரோஜரே’ என்று ஸ்விஃப்ட் ஆரம்பித்தார் என்பது கதை. அவர் இறந்து சில ஆண்டுகள் கழித்து ஆரரி பிரபு ஸ்விஃப்டைப் பற்றி எழுதியதில் வருகிறது. ஆரரி எழுதிய பலவற்றை ஸ்விஃப்டின் நண்பர்களே மறுத்தார்கள். ஆராதனையை அவ்வளவு கண்டிப்போடு நடத்தியவர் ஜெப வார்த்தைகளோடு விளையாடியிருப்பார் என்று நம்புவது எனக்குக் கடினம்.

எதிலிருந்து வாசிக்க ஆரம்பிக்கலாம்?

ஆங்கில மூலம் பதிப்புரிமை இல்லாமல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இளம் குருவானவருக்கு எழுதிய கடிதத்தில் தொடங்குங்கள். ஒரே மாலையில் முடித்துவிடலாம். அடுத்து ஆலயத் தூக்கம், நன்மை செய்தல். பிறகு அயர்லாந்தின் அவல நிலையைப் படித்த கையோடு ‘எளிய யோசனை’யை எடுங்கள், இடையில் நாள் விடாதீர்கள். திரித்துவத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். முதலாம் சார்லஸ் அரசரின் நினைவுநாளில் செய்த பிரசங்கத்தை, இங்கிலாந்து உள்நாட்டுப் போரின் கதை கொஞ்சம் தெரிந்த பிறகு தொடுங்கள், இல்லையென்றால் வெறும் வசவாகத்தான் தெரியும்.